ஏழாம் நம்பர் மணல் வண்டு

மூணு மணி அஞ்சு. ஐஸ் டப்பாவுல இருந்து பதினாறு பேரையும் வெளியே எடுத்தாச்சு, ஸ்டாப்வாட்ச் ஓடுது. இடது தட்டுல மலை வண்டு எட்டு, வலது தட்டுல மணல் வண்டு எட்டு. தாள்ல பென்சிலால வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒருத்தர்னு எல்லாரும் மல்லாக்கக் கிடக்காங்க. காலை மடக்கி, மீசையை ஒடுக்கி, பாக்கிறவங்களுக்குச் செத்த வண்டுன்னுதான் தோணும். சாகல. நாலு மணி நேரம் ஐஸ்ல இருந்து விறைச்சுப் போயிருக்கு, அவ்வளவுதான். இனி இந்த ரூம் சூட்டுல உணர்வு வந்து, காலை உதறி, புரண்டு, நிமிர்ந்து நிக்கணும். எது எத்தனை நிமிஷத்துல நின்னுச்சுன்னு நான் எழுதணும். இதுதான் என் உத்தியோகம். எங்க அக்கா ஒவ்வொரு தீவாளிக்கும் கேப்பா, ஏட்டி முத்துக்கனி, வண்டு எந்திரிக்கதைப் பாக்கதுக்கா உன்னைய எம்.எஸ்ஸி. வரைக்கும் படிக்க வச்சோம்னு. ஆமா, அதுக்குத்தான். மலை வண்டு ஊட்டிக்கு மேல சோலைக்காட்டுல, பாசி படிஞ்ச மரப்பட்டைக்கு அடியில இருந்து வந்தது. மணல் வண்டு எங்க பக்கம், திசையன்விளை தாண்டித் தேரிக்காட்டுச் செம்மணல்ல இருந்து வந்தது. ரெண்டும் ஒரே குடும்பம், ரெண்டும் கறுப்பு, ரெண்டும் என் சுண்டுவிரல் நகத்தளவு. கலந்து வச்சா எங்க லேப் மேடத்துக்கே சட்டுனு பிரிச்சுச் சொல்ல வராது. குளிர்ல போட்டு எடுத்தாத்தான் யாரு எந்த ஊருன்னு தெரியும். இந்தா, நினைச்சு முடிக்கல, மூணாம் நம்பர் மலை வண்டு காலை ஆட்டுதாரு. ஒரு உதறு, ஒரு புரளல், நின்னாச்சு. மூணு நிமிஷம் நாப்பது வினாடி. எழுதியாச்சு. அந்தா மலை ஆறு. என்ன அவசரம் இவங்களுக்கு, ஏதோ மத்தியானத் தூக்கம் போட்டு எந்திரிக்கவங்க மாதிரி. வலது தட்டுல ஒரு அசைவு கிடையாது.

போனைக் கவுத்தி வச்சிருக்கேன். நிமித்தி வச்சா மணி பாப்பேன், மணி பாத்தா நாலு ஆகதுக்கு இன்னும் எவ்வளவு இருக்குன்னு கணக்குப் போடுவேன், கணக்குப் போட்டா வண்டை விட்டுருவேன். நாலு மணிக்கு அவர் கூப்பிடுவார். என் வீட்டுக்காரர் யோகராஜன், கோத்தகிரியில தேயிலை ஃபேக்டரியில சூப்பர்வைசர், பதினெட்டு நாளா கட்டில்லயே கிடக்கார். மழையில வீட்டுப் படியில பாசி வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிஞ்சு, பிளேட் வச்சு, கட்டும் போட்டாச்சு. அவர் அக்கா, எங்க மதினிதான் பெங்களூர்ல இருந்து வந்து கூடவே இருந்து பாத்தாங்க. நாளைக்கு அவங்க போயாகணும், மகளுக்குப் பிரசவ நாள் கிட்ட வந்திட்டு. நேத்து ராத்திரி அவர் போன்ல சொன்னார், கனி, அக்கா என்னையும் பெங்களூர் கூட்டிட்டுப் போறேங்குது, ஆம்புலன்ஸ் மாதிரி வண்டி ஒண்ணு பேசணும், அதுக்கு இன்னைக்கு நாலு மணிக்குள்ள சொல்லணுமாம். சொல்லிட்டு நிறுத்தினார். அப்புறம், இல்ல, நீ மேலே வர்றதா இருந்தா நான் இங்கேயே இருந்துக்குவேன், அப்படின்னு ரொம்ப மெதுவாச் சொன்னார். உடனே, வரலைன்னாலும் ஒண்ணுமில்ல கனி, அக்கா வீட்டுல எல்லா வசதியும் இருக்குன்னார். பதினாலு வருஷத்துல மேலே வான்னு அந்த மனுஷன் என்னைக் கேட்டது நேத்துதான். கேட்ட அதே மூச்சுல அதைத் திருப்பி வாங்கிக்கவும் பாத்தார். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. யார் மேல கோவம்னு கேட்டா அதுதான் தெரியல. மலை எட்டு, அஞ்சு நிமிஷம் இருபத்தஞ்சு.

மலைக்காரங்க எட்டுப் பேரும் ஆறு நிமிஷத்துல முடிஞ்சிட்டாங்க. தட்டுக்குள்ள உலாத்துதாங்க, ஒருத்தரை ஒருத்தர் முட்டிக்கிட்டு. அவரும் இப்படித்தான். ஆடி மாசக் குளிர்ல, வெறும் பனியனோட, வாசல்ல நின்னு பல் தேய்ப்பார். நான் ரெண்டு ஸ்வெட்டர், அவரோட மப்ளர், காலுக்கு மூணு ஜோடி சாக்ஸ்னு மூட்டையா உக்காந்திருப்பேன். இருபத்தஞ்சு வயசுல தேயிலைப் பூச்சி எண்ணுத வேலைக்கு ஆறு மாசத்துக்குன்னு அந்த ஊருக்குப் போனவ நான். எனக்குக் குடை பிடிச்சுக்கிட்டு வந்தவர் அவர். பூச்சியை எண்ணுதாளா என்னைப் பாக்காளான்னு பாத்துக்கிட்டே வந்தேன்னு பின்னால சொன்னார், வெக்கங்கெட்ட மனுஷன். ரெண்டு வீட்லயும் சண்டை. அவங்க இலங்கையில இருந்து திரும்பி வந்து தோட்டத்துல குடியேறுன குடும்பம், நாங்க பனங்காட்டுக்காரங்க. எங்க அப்பா ஒரு வருஷம் பேசல. கல்யாணம் ஆகி அங்க போன முதல் வாரமே என் கைவிரல் எல்லாம் சிவந்து வீங்கிட்டு. துணி நாலு நாளைக்குக் காயாது. தலையணை ஈரமா இருக்கும். அவர் என்ன பண்ணுவார்னா, வேலை முடிஞ்சு வந்ததும் பெரிய டம்ளர்ல டீ ஊத்தி, குடிக்க மாட்டார், ரெண்டு கையாலயும் டம்ளரைப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பார். கை நல்லாச் சூடானதும் என் பாதத்தைத் தூக்கி மடியில வச்சு அந்தக் கையால பொத்துவார். ஆறிப் போன டீயை அப்புறம் குடிப்பார். ரெண்டு வருஷத்துல அவர் சூடா ஒரு டீ குடிச்சு நான் பாத்ததில்ல. பதினாறு நிமிஷம் ஆகுது. மணல்காரங்க ஒருத்தரும் அசையல. எனக்கு இவங்களைப் பாத்தா பாவமா இருக்கு. எங்க ஊர்க்காரங்க.

ரெண்டாம் நம்பர் மணல் வண்டு மீசையை ஆட்டுது. இருபத்தோரு நிமிஷம், நின்னாச்சு. இருபத்தினாலுல அஞ்சாம் நம்பர். இருபத்தாறுல ஒண்ணாம் நம்பர். இனி என் கண்ணு ஸ்டாப்வாட்சை விட்டு நகராது, முப்பது வரப்போகுதுல்லா. நான் இந்த லேபுக்கு வந்த முதல் வருஷம் ஒரு விதி இருந்துச்சு. முப்பது நிமிஷத்துக்குள்ள எந்திரிக்கலன்னா இறந்ததுன்னு எழுதணும். ஏதோ பனி விழுத தேசத்துல, அந்த ஊர் வண்டை வச்சு, எவரோ எழுதுன கட்டுரையில இருந்து எடுத்த முறை. அவங்க ஊர் வண்டு பத்து நிமிஷத்துல எந்திரிச்சிரும், அவங்களுக்கு முப்பது தாராளம். நான் அதை அப்படியே வேதவாக்கா வச்சு, முப்பது அடிச்சதும் பேனாவை எடுத்து, மணல் நாலு இறந்தது, மணல் ஆறு இறந்தது, மணல் ஏழு இறந்ததுன்னு எழுதி, கவர்ல போட்டு, குப்பைத் தொட்டியில போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். மூணு நாள் இப்படி, பதினோரு வண்டு. நாலாம் நாள் காலையில பெருக்க வந்த மாரக்கா, கை நிறைய வண்டோட என் முன்னால வந்து நிக்கா. உங்க பொணமெல்லாம் தொட்டிக்குள்ள நடமாடுது டீச்சர், இதை நான் எங்க கொட்டன்னு கேட்டா. நான் எல்லாத்தையும் வாங்கி டப்பாவுல விட்டுட்டு, கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். வண்டுக்காக இப்படி அழுவாளான்னு மாரக்கா நினைச்சிருப்பா. வண்டுக்காகவும்தான். எந்திரிக்கதுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேணும், அவ்வளவுதானே அதுங்க கேட்டது. மேடத்துகிட்டப் போய்ச் சொல்லி, முப்பதை நூத்தி இருபதாக்கினேன். மேடம் சரின்னாங்க. பழைய தாளை மட்டும் கிழிக்காதே, அப்படியே இருக்கட்டும்னாங்க. இருக்கு, அலமாரியில, என் கையெழுத்துல.

இருபத்தொம்பதுல எட்டாம் நம்பர், முப்பத்தி மூணுல நாலாம் நம்பர். அவர் ஒண்ணும் சும்மா மேலேயே உக்காந்திருந்த ஆள் இல்ல, அதையும் சொல்லணும். அக்கா கல்யாணத்துக்குச் சித்திரை மாசம் எங்க ஊருக்கு வந்தார். மாப்பிள்ளை அழைப்புல வெயில்ல நின்னு, மூக்குல ரத்தம் கொட்டி, பந்தலுக்குள்ள தடால்னு விழுந்தார். கல்யாண மாப்பிள்ளையை விட்டுட்டு எல்லாரும் இவருக்கு விசிறுதாங்க. எங்க அப்பா அப்பத்தான் முதல் முதலா அவர்கிட்டப் பேசினார், என்ன மாப்ள, பதநீ குடிக்கேளான்னு. அதுல இருந்துதான் ராசியாச்சு. நான் இங்க கோயம்புத்தூர்ல வேலைக்கு வந்து வீடு பிடிச்ச பிறகும் பங்குனி வந்தா முதுகு பூரா வேர்க்குரு, வாளித் தண்ணியில காலை விட்டுக்கிட்டுப் பேப்பர் படிப்பார். சூட்டுல வச்சுப் பாத்தா மலை வண்டும் அப்படித்தான், மணல்காரங்க சாவகாசமா நடந்துக்கிட்டு இருக்கையிலயே அது மல்லாந்திரும். அவர் அம்மா, எங்க அத்தை, படுக்கையில இருந்ததால அவர் அங்க இருந்தாகணும், எனக்கு இங்க வேலை. சனிக்கிழமை சாயங்காலம் கேரட்டும் முட்டைக்கோசும் தூக்கிக்கிட்டு வருவார், திங்கக்கிழமை முதல் பஸ்ல போவார். பதினாலு வருஷத்துச் சனிக்கிழமை. நான் ஒரு தடவை கூட மலை ஏறல. ரெண்டு வருஷத்துக்கு முன்னால அத்தை தவறினப்பக் கிளம்பினேன். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டேன். கோத்தகிரி போர்டு போட்ட பஸ் வந்து நிக்கி, கண்டக்டர் கூப்பிடுதார், என் கால் தூக்கி அந்தப் படியில வைக்க வரல. அடுத்த பஸ் வந்துச்சு. அதுக்கடுத்ததும் வந்துச்சு. மூணு பஸ்ஸை விட்டேன். கையில மாலையோட திரும்பி வந்தேன். மருமகளைப் பாடாப் படுத்துன அத்தை இல்ல அது, ராத்திரி எந்திரிச்சு எனக்குப் போர்வை இழுத்து விட்ட அத்தை. காரியம் முடிஞ்சு வந்த சனிக்கிழமை அவர் எதுவுமே கேக்கல. மாலை என்னாச்சுன்னு கூடக் கேக்கல. சாப்பிட்டாயான்னு கேட்டார்.

முப்பத்தாறுல மணல் மூணு. நாப்பத்தி ஒண்ணுல மணல் ஆறு. மிச்சம் ஏழாம் நம்பர் மட்டும். குளிர், குளிர்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். எனக்கு ஒத்துக்கல, மூச்சு முட்டுது, டாக்டர் போகக் கூடாதுன்னுட்டார். எந்த டாக்டர் சொன்னார்? ஒருத்தரும் சொல்லல. கோத்தகிரி போன ரெண்டாவது வருஷம் ஆடி மாசம், நான் ஏழு மாசக் கர்ப்பம், மூணு நாளாச் சூரியனைப் பாக்கல, வயித்துல அசைவு நின்னு போச்சு. ஜீப்புல போட்டுக் கொண்டு போனாங்க. பொம்பளப் பிள்ளை. கொடி கழுத்தைச் சுத்திருச்சும்மா, இதுல யார் தப்பும் இல்ல, குளிருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு அந்த டாக்டரம்மா ரெண்டு தடவை சொன்னாங்க. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன், ஒண்ணும் காதுல ஏறல. குளிருதான் கொன்னுதுன்னு முடிவு பண்ணிட்டேன். குளிரைச் சொன்னா அது திருப்பிப் பேசாது. குளிரைச் சொன்னா அந்த ஊரையும் சொன்ன மாதிரி, ஊரைச் சொன்னா அவரையும் சொன்ன மாதிரி. அது எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் சொன்னேன், அவரும் தெரிஞ்சேதான் கேட்டுக்கிட்டார். பிள்ளையை எங்க வச்சாங்கன்னு நான் பாக்கல. மயக்கத்துல இருந்தேன், முழிச்சதும் எங்க அம்மா கூட ஊருக்குப் போயிட்டேன். ஃபேக்டரிக்குப் பின்னால சரிவுல ஒரு இடம், அவர்தான் தூக்கிட்டுப் போனார்னு மதினி சொல்லித் தெரியும். ஒரே ஒரு தடவை, எட்டு வருஷத்துக்கு முன்னால இருக்கும், ஞாயித்துக்கிழமை மத்தியானம் கேரட் சீவிக்கிட்டு இருந்தவர், அங்க நட்ட சில்வர் ஓக் மரம் நல்லா வளந்திருச்சு கனின்னார். எந்த சில்வர் ஓக்குன்னு நான் கேக்கல. தோட்டத்துல ஆயிரம் சில்வர் ஓக் நிக்கி. அடுப்புல என்னமோ தீயுதுன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனேன். அடுப்பு பத்த வைக்கவே இல்ல. அவருக்கும் அது தெரியும்.

நாப்பத்தெட்டு. எந்திரி மூதி. இதுல நான் குறி பாக்கக் கூடாது, இவ எந்திரிச்சா போறேன், எந்திரிக்கலன்னா போகலன்னு வைக்கது அறிவுள்ளவ பண்ணுத வேலையில்ல. வண்டு பாட்டுக்கு வண்டு. ஆனா பாக்காமலும் இருக்க முடியல. வயிறு மேல, கால் ஆறும் மடங்கி. நுனியில ஒரு துடிப்பு இருந்த மாதிரி இருந்துச்சு, லென்ஸை வச்சுப் பாத்தா என் மூச்சுக் காத்துதான். விழுந்த அன்னைக்கு அவர் நாப்பது நிமிஷம் அந்தப் படிக்குக் கீழே மழையில மல்லாக்கக் கிடந்திருக்கார். பால்காரர் வந்து பாக்க வரைக்கும். ஆஸ்பத்திரியில இருந்து போன்ல சிரிச்சுக்கிட்டே சொன்னார், உன் வண்டு மாதிரியே கிடந்தேன் கனி, என்ன, பக்கத்துல யாரும் நேரம் பாக்கல. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். வச்சிட்டு, சிங்க்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நாப்பது நிமிஷம். மழைத்தண்ணி கண்ணுல விழும்ல, கையால துடைச்சிருப்பாரா, கையை அசைக்க முடிஞ்சிருக்குமா. பதினாறு வண்டுக்கு நேரம் பாக்கேன், நாள் தவறாமப் பாக்கேன், என் மனுஷனுக்கு ஆள் இல்ல. பெங்களூர் போனா என்ன, மதினி நல்லாத்தான் பாப்பாங்க. நல்லாப் பாப்பாங்க, நல்ல சாப்பாடு, லிஃப்ட் உள்ள வீடு, நடக்க வச்சு அனுப்புவாங்க. அதுக்கப்புறம் அவர் சனிக்கிழமை வருவாரா? வருவார். கேரட்டோட வருவார். வந்து, சாப்பிட்டாயான்னு கேப்பார். அதுதான் எனக்குப் பயம். ஒண்ணுமே சொல்லாம வந்துக்கிட்டே இருப்பார், ஒருநாள் வராமப் போவார்.

போன் அடிக்கி. கவுத்தி வச்சிருந்ததால மேசையே அதிருது. நாலு மணி ஆயிட்டு, ஸ்டாப்வாட்ச்ல அம்பத்தஞ்சு நிமிஷம். எடுத்து ஸ்பீக்கர்ல போட்டு, தட்டுக்குப் பக்கத்துல வச்சேன். கனின்னார். இருங்க, ஏழாம் நம்பர் இன்னும் எந்திரிக்கலன்னேன். வாயில வந்தது அதுதான். வேற எந்த மனுஷனா இருந்தாலும், நான் என்ன கேட்டேன் நீ என்ன சொல்லுதன்னு கேட்டிருப்பான். இவர், மணலா மலையான்னு கேட்டார். மணல்னேன். எவ்வளவு ஆச்சுன்னார். அம்பத்தஞ்சுன்னேன். சரி, பாருன்னார். அப்புறம் பேசல. வைக்கவும் இல்ல. அந்தப் பக்கம் மழை பேயது கேக்கி, தகரத்து மேல. மதினி பாத்திரம் கழுவுதாங்க. அவர் மூச்சு விடுதது கேக்கி. எனக்கு அந்த நேரம்தான் உறைச்சுது. பதினாலு வருஷமா இந்த மனுஷன் இப்படித்தான் லைன்ல இருக்கார். முப்பது நிமிஷத்துல என்னை எழுதித் தள்ளல. ஒரு வருஷத்துல தள்ளல, மாலையோட திரும்பி வந்தப்பக் கூடத் தள்ளல. கண்ணுல தண்ணி வந்து, தட்டும் வட்டமும் நம்பரும் எல்லாம் கலங்கிப் போச்சு.

“நான் வாரேங்க. நாளைக்கு முதல் பஸ்ல.”

குளிருமே கனின்னார். குரல் சரியில்ல. குளிரட்டும், டீ போட்டுக் கையைச் சூடு பண்ணி வையுங்கன்னேன். எந்திரிச்சு டீ போட முடியாதே, கால்ல கட்டுன்னார். சரி, நான் போட்டுத் தாரேன், நீங்க டம்ளரைப் பிடிங்கன்னேன். சிரிச்சாரோ அழுதாரோ, ஒரு சத்தம் வந்துச்சு. எனக்குத் திரும்பவும் அந்தப் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்திட்டு, அந்த மூணு பஸ்ஸும், அந்தப் படியும். வெக்கத்தை விட்டுக் கேட்டேன்.

“மேட்டுப்பாளையத்துல கால் வராம நின்னுட்டேன்னா என்ன பண்ண?”

“அடுத்த பஸ்ல வா. அதுல முடியலைன்னா அதுக்கு அடுத்ததுல வா. பஸ்ஸுக்கா பஞ்சம், கனி? நான் எங்க ஓடிடப் போறேன், இந்தக் காலை வச்சுக்கிட்டு.”

அந்த சில்வர் ஓக்கைப் பாக்கணுங்கன்னு சொல்லிட்டேன். ஃபேக்டரிக் கூரையை விட உசரமாயிடுச்சு, இங்கே படுத்திருந்தா ஜன்னல்ல உச்சி தெரியும்னார். அங்க வரைக்கும் நடக்கணும்னா என் கால் சரியாக ரெண்டு மாசம் ஆகும், நீ வேணா நாளைக்கு அக்கா கிளம்புறதுக்கு முன்னால அது கூடப் போய்ப் பாருன்னார். வேண்டாம், ரெண்டு மாசம் ஆகட்டும், நீங்க வந்து காட்டுனாப் போதும்னேன். வண்டி வேண்டாம்னு சொல்லிடவான்னு கேட்டார். சொல்லிடுங்கன்னேன். மதினிகிட்ட அவர் சொல்லுத சத்தம் கேட்டுச்சு, அக்கா, கனி வர்றாளாம், ஊருக்கே கேக்க மாதிரி. வச்சிட்டார். முந்தானையில மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டுத் தட்டைப் பாத்தேன். ஏழாம் வட்டம் காலியாக் கிடக்கு. பதறிப் போய்த் தட்டைத் தூக்கினா, அந்தா மூலையில, ஆறு காலும் ஊணி, மீசையை நீட்டி, ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்கா. எப்ப எந்திரிச்சா, எப்ப நடந்தா, எனக்குத் தெரியாது. மேடம் நாளைக்கு இந்தத் தாளைப் பாத்து ரெண்டு வார்த்தை கேக்கத்தான் போறாங்க, கேக்கட்டும், நான் இங்க இருந்தாத்தானே. பேனாவை எடுத்து, ஏழாம் நம்பருக்கு நேரா எழுதினேன்: எழுந்தது. நேரம் பார்க்கவில்லை.